15,742க்கும் 6,391க்கும் நடுவே: எங்கள் கார் பாலிசிக் கணக்கு

எங்கள் ஸ்விஃப்ட்டுக்கு இந்த ஜூனோடு ஐந்து வயது முடிகிறது. 2020இல் முதல் ஊரடங்கு தளர்ந்த கையோடு கிருஷ்ணகிரியில் எடுத்த வண்டி, டிஎன் 24 பதிவு. பாலிசி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: 15,742 ரூபாய். அன்று ராத்திரி வீட்டுக்காரர் ஏதோ ஒரு தளத்தில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க பாரு, 6,391க்குத் தர்றான்" என்று போனை நீட்டினார். ஒரே வண்டி, ஒரே ஊர், ஒரே வருடம். ஒன்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

நான் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டத் தொடங்கினால் ஜூலை முடியும் வரை தலை நிமிர முடியாது. அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று இரண்டையும் பிரிண்ட் எடுத்து உட்கார்ந்தேன். டிரம், அசெப்டிக் பை, டீசல் என்று யார் கொட்டேஷன் கொடுத்தாலும் எங்கள் ஆலையில் முதலில் பார்ப்பது சரக்கு ஒன்றா என்பதைத்தான். இருநூறு கிலோ டிரம்முக்கும் நூற்றைம்பது கிலோ டிரம்முக்கும் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவன் மலிவு" என்று யாராவது சொன்னால் முதலாளி எழுந்து போய்விடுவார். இன்சூரன்ஸ் தாளிலும் அதே கதைதான். அடியில் இருக்கும் மொத்தத் தொகையைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பேரமே இல்லாத பகுதியை ஒதுக்கிவிடலாம். தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான பிரீமியம், அரசாங்கம் நிர்ணயிப்பது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை. 2022 ஜூன் முதல் 1000 சிசி வரை உள்ள தனியார் காருக்கு 2,094, 1000க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கும் மேல் 7,897. எங்கள் வண்டி நடு வரிசை. இரண்டு தாளிலும் 3,416 தான் இருந்தது. இதுகூட இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 அபராதம், அதுவும் சிறைத் தண்டனைக்கும் இடம் உள்ள குற்றம். "எங்ககிட்ட தேர்டு பார்ட்டி கம்மி" என்று யாராவது சொன்னால் அவர் வேறெதையோ வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படி வெட்டுகிற ஒன்று உண்டு. நம் வண்டி இடித்து அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ சேதம் என்றால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அவருடைய பொருளுக்குச் சேதம் என்றால் 7,50,000 வரை. பிரீமியத்தில் 100 ரூபாய் குறைய வேண்டுமென்றால் அந்த ஏழரை லட்சத்தை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆறாயிரத்துக்கு இன்று எதிர் வண்டியின் ஹெட்லைட் ஒன்று வருமா? நூறு ரூபாய்க்கு இதைக் கண்டுபிடித்தவரை நான் ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறேன்.

பேரம் இருப்பதெல்லாம் நம் வண்டிக்கான சேதப் பகுதியில், அதாவது ஓடியில். அதன் அஸ்திவாரம் ஐடிவி. வண்டி திருடுபோனாலோ தேறாமல் போனாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை அது. வண்டியின் வயதுக்கேற்ப விலையில் இவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை உண்டு. முதல் ஆறு மாதம் 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, அப்புறம் 20, 30, 40 என்று ஏறி நாலிலிருந்து ஐந்து வயதுக்குள் 50. ஐந்து முடிந்துவிட்டால் அட்டவணை தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். ஆகவே ஐந்து வயது தாண்டும் வண்டிக்குத்தான் ஆளாளுக்கு ஒரு ஐடிவி சொல்வார்கள். எங்களுக்கு நோட்டீஸில் 3,90,000. வீட்டுக்காரர் காட்டிய 6,391 ரூபாய் தாளில் 2,60,000.

நோட்டீஸில் ஓடி 7,200, அதில் கிளைம் வாங்காததற்கான தள்ளுபடி (என்சிபி) கழிந்து 3,600. ஐடிவியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் ஏறக்குறைய 1,200 ரூபாய் மிச்சமாகும். வண்டி திருடுபோனால் 1,30,000 ரூபாய் குறைவாக வரும். இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியைத் தேறாத வண்டி என்று கணக்கு முடித்துவிடுவார்கள். 3,90,000 என்றால் அந்தக் கோடு 2,92,500இல் இருக்கிறது. 2,60,000 என்றால் 1,95,000இலேயே வந்துவிடுகிறது. அதாவது இரண்டு லட்சம் செலவு செய்தால் நன்றாக ஓடக்கூடிய வண்டியை, நாமே குறைத்துப் போட்ட ஐடிவியால், கையை விட்டு அனுப்ப வேண்டி வரும். தொப்பூர் கணவாயில் முன்னாலும் பின்னாலும் லோடு லாரி வைத்துக்கொண்டு இறங்கியவர்களுக்கு இரண்டு லட்ச ரூபாய் சேதம் என்பது கற்பனை இல்லை.

அதற்காக ஐடிவியை ஏற்றிக்கொண்டே போவதிலும் பிரயோசனமில்லை. ஓசூர் பக்கம் பழைய கார் விற்கிறவர்களிடம் இதே மாடல், இதே வருடம் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தேன். நாலு லட்சத்தைச் சுற்றித்தான் சொன்னார்கள். 3,90,000 சரி.

ஓசூர் என்றதும் ஒரு இடைச்செருகல். என் கொழுந்தனார் குடியிருப்பது ஓசூரில், வேலை பெங்களூரில், வண்டி கர்நாடகப் பதிவு. அவருக்கு எப்போதும் ஓடி கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத், புனே, அகமதாபாத் என்று எட்டு ஊர்ப் பதிவுகள் ஏ மண்டலம், மற்றதெல்லாம் பி மண்டலம் என்று பழைய கட்டணப் பட்டியலில் பிரித்திருக்கிறார்கள். குடியிருக்கும் ஊர் கணக்கில்லை, பதிவான ஊர்தான் கணக்கு. டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 எல்லாம் பி. எல்லைக்கு இந்தப் பக்கம் பதிவு செய்ததில் நமக்கு இப்படி ஒரு சின்ன லாபம்.

அடுத்து என்சிபி. கிளைம் வாங்காமல் ஓட்டிய வருடங்களுக்கான தள்ளுபடி: 20, 25, 35, 45, ஐந்தாவது வருடம் முடிந்தால் 50 சதவீதம். எங்களுக்கு இந்த வருடம்தான் 50 வந்திருக்கிறது. இது ஓடிக்கு மட்டும்தான், தேர்டு பார்ட்டியில் ஒரு பைசா குறையாது. இது வண்டியோடு போகாது, நம்மோடு வரும். கம்பெனி மாறினாலும் வரும், இந்த வண்டியை விற்றுப் புது வண்டி எடுத்தாலும் வரும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போச்சு.

போன வருடம் ஐந்து ரோடு ரவுண்டானா அருகே ஒரு டெம்போ பின்னால் வந்து பம்பரை உரசிவிட்டது. பம்பரின் ஓரம் விரிசல் விட்டு கிளிப் இரண்டு தொங்கியது. ஒர்க்‌ஷாப்பில் பம்பர், பெயின்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,500 சொன்னார்கள். "இன்சூரன்ஸ்தான் இருக்கே, போட்டுடலாமே மேடம்" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். ஒவ்வொரு கிளைமிலும் நாமே போட வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போனால் கம்பெனி தருவது 5,500. அதை வாங்கியிருந்தால் என்சிபி பூஜ்ஜியத்துக்கு இறங்கியிருக்கும். இந்த வருடம் 50க்குப் பதில் 0, அடுத்த வருடம் 20, அப்புறம் 25, 35, 45. விட்டுப்போகும் சதவீதங்களைக் கூட்டுங்கள்: 50, 30, 25, 15, 5. மொத்தம் 125. பேரம் பேசிக் கடைசியில் எனக்கு வந்த ஓடி 6,400 ரூபாயை வைத்தால் 8,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வருடா வருடம் ஐடிவி இறங்குவதால் கொஞ்சம் குறைத்து 7,000 என்றே வைத்தாலும் 5,500 வாங்குவதற்கு 7,000 கொடுப்பதாகிறது. கையிலிருந்தே 6,500 கொடுத்துவிட்டு வந்தேன். டெம்போக்காரர் நின்று மன்னிப்புக் கேட்டார், ஐந்நூறு ரூபாயும் நீட்டினார். வாங்கவில்லை.

என்சிபி விஷயத்தில் பொய் வேண்டாம். கிளைம் வாங்கியவருக்கும் "50 போட்டுடலாம் சார், யார் பார்க்கிறாங்க" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். பொய் என்று தெரிந்தால் கிளைம் நேரத்தில் கையை விரித்துவிடும்.

இப்போது கூடுதல் கவர்கள். நோட்டீஸில் ஆறு இருந்தன: பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் 2,900, இன்ஜின் பாதுகாப்பு 1,100, டயர் 900, ஆயில், நட்டு, போல்ட் வகையறாவுக்கு 450, சாவி தொலைந்தால் 350, நடுவழி உதவி 250. ஆக 5,950. ஓடியை விட இதுதான் பெரிய தொகை. தலையை விடத் துண்டு பெரிதாகிவிட்டது.

ஜீரோ டெப்பை நான் விடவில்லை. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இப்போதைய கார்களில் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக்தானே. இரும்புப் பாகத்துக்கும் வயதுக்கேற்பக் கழிப்பார்கள். ஐந்து வயது தாண்டினால் சில கம்பெனிகள் ஜீரோ டெப்பே தருவதில்லை. வீட்டுக்காரர் காட்டிய 6,391இல் அது இல்லவே இல்லை. போதாக்குறைக்கு வாலண்டரி டிடக்டபிள் 7,500 என்று ஒரு வரி தானாகவே டிக் ஆகியிருந்தது. ஒவ்வொரு கிளைமிலும் கட்டாய 1,000க்கு மேல் இன்னும் 7,500 நாமே போட வேண்டும். பெரிய விபத்துக்கு மட்டும்தான் கிளைம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அது தப்பான யோசனை இல்லை. ஆனால் அது தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

டயர் கவரையும் சாவி கவரையும் அடித்துவிட்டேன். மாற்றுச் சாவி பீரோவில் இருக்கிறது. டயர் வருகிற தீபாவளிக்கு எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

இன்ஜின் பாதுகாப்பு வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். "மெட்ராஸ்ல இருக்கிறவங்களுக்குத்தான் அது, நம்ம ஊர் மேட்டு நிலம்" என்றார். ஊத்தங்கரையை மறந்துவிட்டார் போலிருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கார்களும் வேன்களும் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதை ஊரே போனில் பார்த்தது. என் தங்கையைக் கொடுத்திருப்பது அந்த ஊரில்தான். அவள் வீட்டு வாசலில் நின்ற ஆல்ட்டோவில் சீட்டு வரை தண்ணீர். மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அவள் மாமனார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். எதிர்வீட்டு மெக்கானிக் ஓடி வந்து, "பெரியவரே, சாவியைத் திருப்பிடாதீங்க, தள்ளிக்கிட்டே போலாம்" என்று தடுத்துவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று சாதாரண பாலிசியில் கிளைமை மறுப்பார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கவர் இருப்பதே அந்த இடத்துக்காகத்தான்.

தங்கை வீட்டுக்காரரிடம் முழு பாலிசி இருந்ததால் சீட்டு, வயரிங் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. அதே தெருவில் பழைய வண்டிதானே என்று தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. பார்த்த பிறகும் வருடம் ஆயிரம் ரூபாய்க்கு நான் யோசிப்பேனா?

பிஏ (தனிநபர் விபத்து) கவரும் வேண்டாம் என்றேன். உரிமையாளர் தானே ஓட்டும்போது விபத்தானால் 15 லட்சம் என்கிற அந்தக் கவர் கட்டாயம்தான். ஆனால் ஒரு ஆளுக்கு ஒன்று போதும், வண்டிக்கு ஒன்று தேவையில்லை. காரும் என் பெயரில், ஸ்கூட்டியும் என் பெயரில். ஜனவரியிலேயே ஸ்கூட்டி பாலிசியோடு எடுத்துவிட்டேன். நோட்டீஸில் இதற்கு மறுபடியும் 375. அதே சமயம் நானே கேட்டுச் சேர்த்தது ஒன்று உண்டு: சம்பள டிரைவருக்கான 50 ரூபாய். திருவண்ணாமலைக்கும் திருப்பதிக்கும் போகும்போது ஆக்டிங் டிரைவர் போடுகிற வீடு எங்களுடையது. அவருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு நம் தலையில்.

இத்தனையும் முடிவு செய்த பிறகு அதே தளத்தில் சரக்கைச் சமமாக்கினேன். ஐடிவியை 3,85,000க்கு ஏற்றினேன், அதற்கு மேல் அது விடவில்லை. வாலண்டரி டிடக்டபிளை எடுத்தேன். ஜீரோ டெப், இன்ஜின், ஆயில் வகையறா, நடுவழி உதவி, டிரைவர் சேர்த்தேன். 6,391 என்றது ஜிஎஸ்டியோடு 12,468 ஆனது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மறுநாள் நோட்டீஸ் அனுப்பிய ஏஜென்ட் தம்பியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, டயர் கவர், சாவி கவர் எல்லாம் யார் கேட்டாங்க?"

"போன வருஷம் இருந்துச்சுக்கா, அப்படியே வந்திருக்கு."

"எடுத்துடுங்க. பிஏவும் வேண்டாம், ஸ்கூட்டில இருக்கு. டிரைவருக்கு அம்பது ரூபா சேருங்க. ஐடிவி மூணு தொண்ணூறுல கை வைக்காதீங்க. ஓடியில எவ்வளவு குறைப்பீங்க?"

"வேற எங்கயாச்சும் கோட் வாங்கிட்டீங்களாக்கா?"

"பன்னிரண்டாயிரத்து நானூத்தி அறுபத்தெட்டு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்கா."

சாயங்காலம் புதுத் தாள் வந்தது. ஓடி 7,200இலிருந்து 6,400க்கு இறங்கியிருந்தது. ஜீரோ டெப் 2,700, இன்ஜின் 1,000, நடுவழி உதவி 200. 3,416ம் 50ம் சேர்த்து 11,016, ஜிஎஸ்டி போட்டு 12,999. பாட்டா கடைச் செருப்பு மாதிரி ஒரு ரூபாய் குறைத்து விலை வந்ததில் எனக்குச் சிரிப்பு. கேட்டதற்கே 2,743 ரூபாய் குறைந்துவிட்டது. கேட்காமல் வருடா வருடம் கட்டுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேரோ.

இருந்தும் 531 ரூபாய் தளத்தில்தான் மலிவு. முடிவு செய்ய வைத்தது ஒர்க்‌ஷாப் பட்டியல். பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டிவிடும் கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப் எங்கெங்கே என்று தட்டிப் பார்த்தால் தளத்துக் கம்பெனிக்கு நம் பக்கத்தில் இருந்தது ஓசூரில் மட்டும். பழைய கம்பெனிக்கு கிருஷ்ணகிரியிலேயே உண்டு, தருமபுரியிலும் உண்டு. இடி வாங்கிய வண்டியை ஓசூர் வரை இழுத்துப் போய், நடுவில் பார்க்கப் போய் வர, டோல் கட்ட என்று கணக்குப் போட்டால் 531 எம்மாத்திரம்? பழைய கம்பெனியிலேயே கட்டினேன். தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ இருப்பவர்களுக்கு இதே கணக்கு வேறு மாதிரி முடியலாம். கம்பெனிப் பெயரைக் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேளுங்கள், சேதத்தை மதிப்பிட எந்தக் கம்பெனி சர்வேயர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி நாளைக்கே வருகிறார் என்று.

ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பப் பிரீமியம் என்கிற வகையும் 2022இலிருந்து வந்திருக்கிறது. எங்களுக்கு ஒத்துவராது. காரிமங்கலத்தில் மாமனார் வைத்திருக்கும் கார் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும், அவருக்கு அடுத்த முறை அதைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வெள்ளை போர்டு காரை ஏர்போர்ட் ட்ரிப்புக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் மேலே எழுதிய எதையும் படிக்கத் தேவையில்லை. வாடகைக்குப் போகும்போது இடித்தால் அந்தக் கிளைம் நிற்காது, எத்தனை கவர் போட்டாலும்.

பாலிசி மெயிலில் வந்ததும் ஆர்சியைப் பக்கத்தில் வைத்து இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், என்சிபி 50 எல்லாம் சரிபார்த்தேன். ஒரு வரி மட்டும் பாக்கி. ஐந்து வருடக் கடன் இந்த மாதத் தவணையோடு முடிகிறது, ஆனால் பாலிசியில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது. அது இருக்கும்வரை வண்டி தேறாமல் போனால் பணம் முதலில் பேங்குக்குத்தான். பேங்கில் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்கி ஆர்டிஓ ஆபீசில் கொடுத்து ஆர்சியை மாற்றிய பிறகு அதன் நகலை ஏஜென்ட் தம்பிக்கு அனுப்ப வேண்டும். லாரி வரத்து குறையும் ஒரு நாள் பார்த்து வீட்டுக்காரரையே அனுப்பலாம் என்றிருக்கிறேன்.